இடப்பக்கக் கதவு

கார் பார்க்கப் போகிறவர்கள் கையில் தையல் நாடா கொண்டுபோவதில்லை. நான் கொண்டுபோனேன். விற்கிறவர் பொனற்றைத் தூக்கி எஞ்சினைக் காட்டிக்கொண்டிருப்பார். நான் இடப்பக்கக் கதவைத் திறந்து, நிலத்திலிருந்து இருக்கை எவ்வளவு உயரம், கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்று அளந்து, பழைய பாடக்குறிப்புக் கொப்பியில் எழுதுவேன். "சட்டை தைக்கப் போறீங்களா டீச்சர்?" என்று ஒருவர் கேட்டார். தைப்பேன் ஐயா, உமக்கென்ன என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். முப்பது வருடம் பிள்ளைகளை ஏசிய வாய் அது, அடக்குவது லேசில்லை.

என் கணவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சீனி வருத்தம் என்கிற நீரிழிவு எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பு அவர் செங்கலடியிலிருந்து பதுளைக்குப் பஸ் ஓட்டியவர். ஆசுபத்திரியால் வந்தபின் முதல் கிளினிக்குக்கு ஆட்டோவில்தான் கூட்டிப்போனேன். திரும்பி வரும்போது செங்கலடிச் சந்தியில் ஆட்டோவின் சில்லுக் காற்றுப் போய்விட்டது. வேறு ஆட்டோவுக்கு மாற்ற இரண்டு பேர் அவரைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கினார்கள். எதிரே பஸ் தரிப்பிடம். நேற்றுவரை அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்த கொண்டக்டர்மார் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்றைக்கு வீட்டுக்குள் போனவர்தான். எட்டு மாதம் வாசல் படலையைத் தாண்டவில்லை. கிளினிக்குக்கும் வரமாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நான்தான் போய் வரிசையில் நின்று மருந்து வாங்கி வந்தேன். "மற்றக் கால நான் பாக்கணும். ஆள் வராட்டி அதையும் காப்பாத்த ஏலா" என்று டொக்டர் என்னை ஏசினார். என்னை ஏசி என்ன பிரயோசனம்? கெஞ்சினேன், அழுதேன், சத்தம் போட்டேன். எதற்கும் "ம்" என்ற ஒரு சொல்தான். எங்கள் வீட்டில் முன்பு சண்டை இல்லாத நாள் கிடையாது. அவர் ஒன்று சொன்னால் நான் ஒன்பது சொல்வேன். இப்போது ஒன்பதையும் நான் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் கார். யாரும் தூக்காமல், அவராக ஏறி அவராக இறங்கக்கூடிய ஒரு கார். ஓய்வு பெற்ற கையோடு எல் பலகை மாட்டி ஓட்டப் பழகினேன். இரண்டாம் முறை சோதனையில் தேறினேன். உண்மையைச் சொன்னால், அவருக்காகத்தான் பழகத் தொடங்கினேன், ஆனால் பழகப் பழக எனக்கே அதில் ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது.

என்ன கார் என்பதில்தான் இழுபறி. என் தங்கச்சிக்குப் பெரிய டீசல் வான் வேண்டும். "ஒண்ட வாங்கினா எல்லாரும் கதிர்காமம் போறமாதிரி வாங்கணும் அக்கா." வருடத்தில் ஒருநாள் போகும் கதிர்காமத்துக்காக மிச்ச நாளெல்லாம் நான் அந்த யானையைக் கட்டி மேய்க்க வேண்டுமாம். அது போதாதென்று ஒவ்வொரு காரின் இலக்கத்தையும் கூட்டிப் பார்த்து, எட்டு வந்தால் தலையில் கை வைப்பாள்.

சந்தியில் கராஜ் வைத்திருக்கும் பாஸ்தான் புத்தி சொன்னவர். எஞ்சின் வேலை தெரிந்தவர்களை நாங்கள் பாஸ் என்றுதான் கூப்பிடுவது. "எங்கெங்க போவீங்க டீச்சர்? அதச் சொல்லுங்க முதல்ல" என்றார். சொன்னேன். கோயில், சந்தை, தங்கச்சி வீடு, எங்கள் வயல் இருக்கும் வட்டை. மிகத் தூரம் என்றால் மட்டக்களப்பு ஆசுபத்திரி. அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

"கிட்ட கிட்ட ஓடுற வண்டிதான் டீச்சர் கெதியா பழுதாகும். எஞ்சின் சூடாக முந்தி நிப்பாட்டிருவீங்க. உள்ள ஈரம் காயாது, சைலன்சர் உக்கும், பற்றரி ஏறாது. டீசல் வேணாம். பழைய ஹைபிரிட் தொடவே தொடாதீங்க, அந்தப் பெரிய பற்றரி போனா அழுவீங்க. சின்னப் பெற்றோல் எஞ்சின் பாருங்க. கிழமைக்கு ஒருக்கா சும்மா ஒரு நீட்டு ஓட்டம் விட்டுட்டு வாங்க. அது போதும்."

நெடுந்தூரம் ஓடினால்தான் வண்டி தேயும் என்று அதுவரை நினைத்திருந்தேன். வீட்டுக்கும் சந்திக்கும் இடையில் கிடப்பதுதான் அதைக் கெடுக்கும் என்றதைக் கேட்டுவிட்டு நடந்து வரும்போது, எனக்குக் காரைப் பற்றிய நினைப்பே இல்லை. அறையில் சுவரைப் பார்த்துக் கிடக்கும் மனிதரைப் பற்றித்தான் நினைத்தேன்.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பனிச்சங்கேணியில் ஒன்று, வெள்ளை நிறம், கண்ணாடி போலத் துடைத்து வைத்திருந்தார்கள். பாஸ் கீழே படுத்து, சாவி நுனியால் அடித்தட்டைக் குத்தினார். பொரிமா உதிர்வதுபோலத் துரு உதிர்ந்தது. கடற்காற்றும் உப்புத்தண்ணீரும் செய்த வேலை. மட்டக்களப்பில் ஒன்று, வெள்ளத்தில் நின்றது. இருக்கைக்குக் கீழே விரலை விட்டால் சேறு. இன்னொன்றின் இருக்கை பள்ளம், அவரால் எழும்ப முடியாது. வாகன இறக்குமதியை நிறுத்திவைத்த வருடங்களுக்குப் பிறகு இந்த நாட்டில் தகரத்துக்கும் தங்கத்தின் விலைதான், ஆனால் அதைப்பற்றி அழுது பயனில்லை.

ஒவ்வொரு நாளும் வந்து என் கணவரிடம் எல்லாம் சொல்வேன். அவர் "ம்". ஒரேயொரு நாள்தான், "கியர் என்ன?" என்று கேட்டார். ஆகா, வாயைத் திறந்துவிட்டாரே என்று எனக்குச் சந்தோஷம். "ஓட்டோகியர்தான் பாக்கிறன். எனக்கு லேசு" என்றேன். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஏன் என்று நான் யோசிக்கவில்லை. என் கொப்பியில் எழுதிய உயரங்களை அவருக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன், மடச்சி.

கடைசியில் ஏறாவூரில் ஒன்று கிடைத்தது. கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்த ஒரு முஸ்லிம் மனிதர், திரும்பவும் போகப்போகிறார், அதனால் விற்கிறார். சின்ன ஜப்பான் கார், உயரமான இருக்கை, அடித்தட்டு சுத்தம். பாஸ் எல்லாம் பார்த்துவிட்டு, "ஏறி இறங்குறவர் வந்து ஒருக்கா ஏறிப் பாக்கட்டும்" என்றார். அவர் வரமாட்டார் என்று நான் சொன்னதும், விற்பவர், "அதுக்கென்ன டீச்சர், கார் வீட்ட வரும்" என்றார். மறுநாள் காலையில் எங்கள் முற்றத்துக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். வீடு தேடி வந்த மனிதரை மதிக்காமல் படுத்திருக்க முடியுமா? என் கணவர் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஊன்றுகோல்களில் மெல்ல முற்றத்துக்கு இறங்கி வந்தார்.

நான் இடப்பக்கக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை. பொனற்றில் ஒரு கையை ஊன்றி, முன்பக்கத்தால் சுற்றி, வலப்பக்கம் போனார்.

"இஞ்சேருங்க, அது நான் ஓட்டுற பக்கம்" என்றேன்.

அவர் கதவைத் திறந்து, ஊன்றுகோல்களை என்னிடம் நீட்டாமல் விற்பவரிடம் நீட்டி, உட்கார்ந்தார். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளும் பிடி எங்கே என்று தேடவில்லை, கை தானாகப் போயிற்று. குனிந்து கால்மாட்டைப் பார்த்தார்.

"ரெண்டுதான் இரிக்கு" என்றார்.

பிரேக் ஒன்று, அக்சிலேற்றர் ஒன்று. இரண்டுக்கும் வலது கால்தான். கிளச் இல்லை, இடது காலுக்கு அங்கே வேலையே இல்லை. எத்தனை காரில் ஏறிப் பார்த்திருப்பேன், ஒரு தடவையாவது அது என் மண்டையில் ஏறியதா?

அவர் காரை உயிர்ப்பித்து, பலாமரம்வரை முன்னால் விட்டார். கிணற்றுக்கட்டுவரை பின்னால் எடுத்தார். சில்லுப் பட்ட தடத்திலேயே திரும்பவும் சில்லுப் பட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், ஐயோ என் கார் போய்விட்டதே என்று எரிச்சலாகவும் இருந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பார். இந்த வீடு என் பெயரில், வட்டையில் இருக்கும் வயல் என் பெயரில். இவருடையது என்று இங்கே இருந்தது அந்த ஸ்டியரிங் ஒன்றுதான். அதையும் எல் பலகை மாட்டிக்கொண்டு நான் எடுத்துவிட்டேன், அவருக்கு உதவி செய்கிறேன் என்ற நினைப்பில்.

றோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்தக் காலோடு ஓட்டுவதற்கு அவருக்கு அனுமதி இல்லை, அதனால் நான் ஓட்டினேன். அவர் யாரும் தொடாமல் பக்கத்தில் ஏறிக்கொண்டார், விற்பவர் பின்னால். பதுளை வீதியால் கறுத்தப்பாலம் நோக்கிப் போனோம். படலை தாண்டி நூறு யார் தூரம்கூடப் போகவில்லை, அவர் தொடங்கிவிட்டார்.

"பிரேக்க என்ன தவளைய மிதிக்கிறமாதிரி மிதிக்கிறாய்? மெதுவா, மெதுவா. கண்ணாடியப் பாருகா. முன்னுக்கு மாடு நிக்கிற தெரியல்லயா?"

"தெரியிது. வாய மூடிற்று வாங்க."

"இவளுக்கு லைசன்ஸ் குடுத்தவன் ஆரு? அவனப் புடிச்சு அடைக்கணும்."

"உங்களுக்கு விசரா? எட்டு மாசம் ஊமை மாதிரிக் கிடந்துட்டு இப்ப வந்து..."

பாலத்துக்கு முன்னால் காரை ஓரம் கட்டி நிறுத்தினேன். இரண்டு பேரும் சத்தம் போட்டோம். வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பின்னாலிருந்து விற்பவர், "அண்ணே, டீச்சர், இது இன்னும் என்ர கார். சண்டைக்கு முந்தி வாங்குறயா இல்லயாண்டு சொல்லிருங்க" என்றார்.

"வாங்குறம்" என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "இறங்கு, நான் ஓட்டுறன்" என்றார்.

"நினைச்சபாட்டுக்கு ஏலா. டொக்டர் மற்றக் காலப் பாத்து எழுதித் தரணும். பிறகு சோதனைக்குப் போகணும்."

"அப்ப டொக்டரிட்ட எப்ப போற?"

ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதுவிட்டேன், பின்னால் ஒரு அந்நிய மனிதர் இருக்கிறார் என்ற நினைப்புக்கூட இல்லாமல்.

"அழுறத்துக்கு என்ன இரிக்கு? எப்ப போறண்டு கேக்கிறன்."

"நாளைக்கு கிளினிக்" என்றேன்.

"நாளைக்கெண்டா நாளைக்குத்தான். விடியவே வெளிக்கிட்டு நில்லு" என்றார். "உன்னோட எங்க போனாலும் சுணக்கம்."