தலையணைப் பஞ்சு அடைத்த கிட்டார்

கல்யாணமாகி மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊருக்கு வந்தபோது, என் பெட்டிகளோடு ஒரு கிட்டாரும் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் குடும்பம் விற்றுவிட்டுப் போன சாமான்களில் அதுவும் ஒன்று. அப்பா எனக்காக வாங்கித் தந்தார். கடல்காற்று அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு மழைக்காலம் போவதற்குள் முதுகுப் பலகை ஒட்டு விட்டு வாய் பிளந்தது. வார்னிஷ் செதில் செதிலாக உரிந்தது. என் கணவர் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது அடுப்புக்குத்தான் ஆகும் பிள்ளே" என்றார்.

அந்த வருஷம் எங்கள் சபைப் பாட்டுக்குழுவில் கீழ்க்குரல் பாட ஆளில்லை. பாடிக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவரும் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். கிறிஸ்துமஸ் பாட்டெல்லாம் மேலேயே மிதக்கிறது என்று பாட்டுக்குழுத் தலைவர் புலம்பினார். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. கிட்டாரின் ஆறு கம்பியையும் கழற்றிவிட்டு, வீணைக்குப் போடுகிற தடித்த கம்பி நான்கைப் போட்டு, கீழ்க்குரலுக்குப் பதில் அதை வாசித்தால் என்ன? கீழ்ச்சுரத்துக்கென்றே பேஸ் கிட்டார் என்று ஒன்று உலகத்தில் வந்துவிட்டது எனக்குத் தெரியாது.

கணவரின் தங்கை என் பக்கம் சேர்ந்துகொண்டாள். லேஸ் பின்னுகிறவள், நூலிழையோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுகிற பொறுமை அவள் விரல்களுக்கு உண்டு. தச்சர்கள் மரம் ஒட்டுகிற வஜ்ஜிரத்தைக் காய்ச்சி, முதுகுப் பலகையை ஒட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டி அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைத்தோம். வஜ்ஜிர நாற்றத்துக்கு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. பழைய வார்னிஷை உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டினோம், பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப்பந்தில் தொட்டு அவள் பூசப் பூச, மரத்தின் வரிகள் தண்ணீருக்குள் தெரிவதுபோல் எழுந்து வந்தன.

"மைனி, மூஞ்சி தெரியுது பாத்தீங்களா?" என்றாள்.

நிஜமாகவே தெரிந்தது. இரண்டு பேருடைய முகமும்.

ஆனால் நான்கு கம்பியும் கட்டி மீட்டியபோது, சத்தம் பக்கத்து அறைவரைகூடப் போகவில்லை. நான் சோர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கணவர் கல்யாண வீடுகளுக்கு மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். அவரிடம் பழைய பட்டாளத்து ஹெட்போன் ஒன்று கிடந்தது.

"அத்தான், காதுல வைக்கதுக்குப் பதிலா இதை மைக் மாதிரி மரத்துல ஒட்டி, வயரை உங்க மைக் பெட்டியில குடுத்தா என்ன?"

"நடக்காது" என்றார். சொல்லிக்கொண்டே எழுந்து போய் வயரை எடுத்து வந்தார்.

நடந்தது. முதல் மீட்டலில் ஜன்னல் கதவு அதிர்ந்தது. அடுத்த நொடியே ஸ்பீக்கர் நாய்போல ஊளையிடத் தொடங்கியது. கம்பியைப் பிடித்து நிறுத்தினாலும் அது நிற்கவில்லை.

"உள்ள வெறும் குடமால்லா இருக்கு. ஸ்பீக்கர் சத்தம் அதுக்குள்ள போய் திரும்பத் திரும்பச் சுத்துகு" என்றார்.

"அப்ப குடத்தை நெறச்சிருவோம்" என்றாள் தங்கை. அவருடைய தலையணையைப் பிரித்து, இலவம்பஞ்சைக் கிட்டாரின் வட்டத் துளை வழியே அடைக்க ஆரம்பித்தாள்.

"ஏட்டி, என் தலையணைதான் கெடைச்சுதா உனக்கு?"

பஞ்சு நிறைந்ததும் ஊளை அடங்கியது. இடியைப் போர்வைக்குள் பொத்தி வைத்ததுபோல ஒரு நாதம் வந்தது.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் கோயில் மூலையில் பாட்டரியும் மைக் பெட்டியும் வைத்து, பெண்கள் வரிசையின் ஓரத்தில் நான் உட்கார்ந்து வாசித்தேன். முதல் பாட்டிலேயே தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சிமெண்டில் உள்ளங்கையை வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்த்தார்கள். முன்வரிசைப் பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டு தரையில் கால் ஊன்றி நின்றது. பாடியவர்களின் குரலிலும் தைரியம் கூடியது.

ஆராதனை முடிந்ததும் எல்லோரும் கிட்டாரைச் சூழ்ந்துகொண்டார்கள். பாட்டுக்குழுத் தலைவர் அரக்கு மினுக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு என் கணவரிடம், "எங்க வாங்கினிய?" என்று கேட்டார்.

"மைக் பெட்டி மட்டும்தான் என்னுது. மத்ததெல்லாம் இவளுக்கயும் என் தங்கச்சிக்கயும் வேலை" என்றார் அவர், கோயில் முழுக்கக் கேட்கும்படி.

தங்கை என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் நகக்கண்ணில் அரக்கு இன்னும் சிவப்பாக இருந்தது. என் நகத்திலும்தான். அன்று அதை மறைக்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.