இடப்பக்கம் சாய்ந்த பதினோரு தையல்

பில்கிஸ் வலது கையால் சாப்பிடுவாள், இடது கையால் தைப்பாள். இதைச் சிறு வயதிலேயே அவள் அம்மா முடிவு செய்துவிட்டாள். சோற்றுத் தட்டில் இடது கை பட்டால் அடி விழும். ஊசியை எந்தக் கையில் பிடித்தால் என்ன, வேலை ஆனால் சரி என்று அதை மட்டும் விட்டுவிட்டாள். பில்கிஸுக்கு முப்பத்தொன்பது வயது ஆகும்போது இந்தச் சலுகை ஒரு கம்பெனியின் தர ஆய்வு அறிக்கையில் இடம்பெறும் என்று அந்த அம்மாள் எப்படி நினைத்திருக்க முடியும்?

மாதனூர்க்காரியான பில்கிஸ் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினேழு வருடம் வேலை பார்த்தாள். ஷூவின் மேல்பாகத்தை அங்கே அப்பர் என்பார்கள். அதன் முன்பக்கம் சுருக்குச் சுருக்காகக் கையால் தைக்கப்பட்டிருக்கும். அந்தச் சுருக்குக்காகவே வெளிநாட்டில் விலை அதிகம். அதைத் தைத்தவர்களில் ஒருத்தி பில்கிஸ். இரண்டு வருடத்துக்கு முன், வேலூரைத் தாண்டி ராணிப்பேட்டை போகிற சாலையில் புதிதாக வந்த ஒரு மருத்துவக் கருவிக் கம்பெனி, தோல் தைத்த அனுபவம் உள்ள பெண்கள் வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டியது. மருத்துவத்துக்கும் ஷூவுக்கும் என்ன சம்பந்தம் என்று பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனாள். போனவள் திரும்பவில்லை.

அங்கே செய்கிற பொருள் துணியால் ஆன ஒரு குழாய். கட்டைவிரல் நுழைகிற அகலம், ஒரு சாண் நீளம். சுற்றிலும் மெல்லிய கம்பி வளையங்கள். வயிற்றுக்குள் ஓடுகிற பெரிய ரத்தக்குழாய் சிலருக்கு வயதான காலத்தில் நைந்து, பலூன் மாதிரி புடைத்துக்கொள்ளும். வெடித்தால் ஆள் போய்விடுவார். முன்பெல்லாம் வயிற்றைக் கிழித்து அந்த இடத்தை மாற்றித் தைப்பார்கள். இப்போது தொடையில் சின்னத் துளை போட்டு, இந்தத் துணிக்குழாயை ரத்தக்குழாய் வழியாகவே மேலே தள்ளி, புடைத்த இடத்துக்குள் விரித்துவிடுகிறார்கள். ரத்தம் புதுக் குழாய்க்குள் ஓடும். பழைய குழாய் வெளியே சும்மா கிடக்கும். இத்தனை நவீனமான பொருளில் கம்பியையும் துணியையும் சேர்ப்பதற்கு இயந்திரம் சரிப்படவில்லை. மைக்ரோஸ்கோப்பின் கீழே பெண்கள் உட்கார்ந்து கையால் தைக்கிறார்கள். ஒரு குழாய்க்கு ஏறக்குறைய நானூறு தையல்.

பயிற்சியின் முதல் நாளே பில்கிஸ் இரண்டு பொருள் கேட்டாள். நூல் முனையைப் பொசுக்க லைட்டர், தையலைத் தட்டிச் சமமாக்கச் சுத்தியல். தூசியைக்கூட எண்ணிப் பார்க்கிற அறையில் தலை முதல் கால் வரை வெள்ளை உறை மாட்டிக்கொண்டு ஒருத்தி லைட்டர் கேட்டதைத் தர ஆய்வாளர் ஜெபசீலன் இன்றும் மறக்கவில்லை. அவர் காட்பாடிக்காரர், மெலிந்த மனிதர், எதையும் மூன்று முறை பார்க்கிறவர்.

"லைட்டர் இல்லம்மா. சுத்தியலும் இல்ல. வேற கேள்வி இருக்கா?"

இருந்தது. பில்கிஸுக்குக் கேள்விக்குப் பஞ்சமே கிடையாது.

"இவ்ளோ அகலம் இருக்கே சார், தொடையில சின்ன ஓட்டைன்றீங்க. எப்டி நுழையும்?"

"சுருக்கி, பென்சில் தடிமன் குழாய்க்குள்ள அடைச்சிருவோம்."

"உள்ள போனப்புறம் யாரு விரிக்கிறது?"

"அதுவே விரிஞ்சுக்கும். அந்தக் கம்பி அப்படி."

"விரிஞ்சா சரி. ரத்தம் அடிச்சுக்கினு போயிட்டா?"

"மேல சின்னச் சின்னக் கொக்கி இருக்கு பாருங்க, அது புடிச்சுக்கும்."

அவள் யோசித்தாள். ஷூவில் கால் வடிவ அச்சுக்கட்டையின் மேல் தோலை இழுத்து மாட்டுவார்கள். இங்கே பொருளைச் சுருக்கி உள்ளே அடைக்கிறார்கள். எல்லாம் தலைகீழாக இருக்கிறதே என்பதுதான் அவளுக்குப் பிடித்துப்போனது.

அவள் கணவன் வாஹித் பாஷா ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரிக்கிறவன். அவன் கண்ணுக்குத் தப்பிய கொசுக்கடி எந்தத் தோலிலும் கிடையாது என்பார்கள். அவர்கள் வீட்டில் பேச்சு உருதுவில் நடக்கும், சண்டை மட்டும் தமிழில். அன்று தமிழில் நடந்தது.

"துணியா? நனைஞ்சா இன்னாத்துக்கு ஆவும்?"

"நாள் பூரா ரத்தத்துலயேதான் இருக்கும். ஒண்ணும் ஆவாது."

"தோல்லயே செய்யலாமே. தோல் மாதிரி வருமா?"

இதை அவள் மறுநாள் ஜெபசீலனிடம் கேட்டாள். மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் சவ்வில் இதய வால்வு செய்கிறார்கள் என்று அவர் சொல்லிவைத்தார். அந்த ஒரு வாரம் வாஹித் பாஷாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

நான்கு மாதப் பயிற்சி, இரண்டு பரீட்சை. தேறினால் ஓர் அட்டை கொடுப்பார்கள். அட்டை இருந்தால்தான் மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்காரலாம். பறிபோனால் நாற்காலியும் போகும். பில்கிஸ் தேறினாள். தோலில் ஊசி தவறான இடத்தில் இறங்கினால் அந்த ஓட்டை மூடாது. ஆகவே பதினேழு வருடமாக அவள் தவறான இடத்தில் ஊசியை இறக்கியதே இல்லை. இந்தத் துணிக்கும் அதே சட்டம்தான்: ஓட்டை பெரிதானால் ரத்தம் கசியும். ஆறாவது மாதத்தில் அறையிலேயே சுத்தமான கை அவளுடையது என்று பெயர் வந்தது.

ஆனால் கை தன்னோடு வேறொன்றையும் கொண்டுவந்திருந்தது. ஷூ கம்பெனியில் மணி அடிக்கும்போது மேஜையில் அரைகுறையாக எதுவும் கிடக்கக் கூடாது. தன்னுடையதை முடித்தவள், பக்கத்தில் இருப்பவளுடையதை இழுத்து மீதியைத் தைத்துவிடுவாள். அதைக் கேட்க வேண்டியதில்லை. நன்றி சொன்னால் ரோஷப்படுவார்கள். பஸ் காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மருத்துவக் கம்பெனியின் சட்டம் இதற்கு நேர் எதிர். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு எண், ஒரு தாள், தாளில் ஒரே ஒரு பெயர். முடியாவிட்டால் மூடி போட்ட டப்பாவில் வைத்துவிட்டு, மறுநாள் வந்து அதே ஆள்தான் தொடர வேண்டும். அரைகுறையை வைத்துவிட்டு எழுந்து போவதற்குத்தான் பில்கிஸுக்கு அதிக நாள் பிடித்தது. பழகிவிட்டது என்றே அவள் நம்பினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஜெபசீலன் எல்லோரையும் பெரிய திரைக்கு முன்னால் கூப்பிட்டார். திரையில் ஒரு வளையத்தின் படம், நூறு மடங்கு பெரிதாக. தையல்கள் வரிசையாக வலப்பக்கம் சாய்ந்திருந்தன. ஓர் இடத்தில் மட்டும் பதினோரு தையல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"இத யாரு தைச்சதுன்னு தெரியணும்," என்றார்.

பில்கிஸ் கழுத்தை நீட்டி உற்றுப் பார்த்தாள்.

"நல்லாத்தான் சார் இருக்குது. மத்ததவிட இந்தப் பதினொண்ணுதான் ஒரே அளவா இருக்கு. யாருது?"

அவளுக்குப் பக்கத்து நாற்காலிக்காரி ஜெனிஃபா, இருபத்து மூன்று வயதுப் பெண், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறை முழுவதும் பில்கிஸைப் பார்த்தது. அந்த அறையில் இடது கைக்காரி ஒருத்திதான்.

பில்கிஸ் இன்னொரு முறை திரையைப் பார்த்தாள். பிறகு தன் இடது கையைப் பார்த்தாள்.

"அல்லா," என்றாள் மெதுவாக. "என்துதான்."

நடந்தது இதுதான். முந்தின நாள் சாயங்காலம் ஜெனிஃபாவுக்குத் தலைவலி. கடைசி வளையத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது முகம் கழுவ எழுந்து போனாள். மணி அடிக்க ஐந்து நிமிடம். பில்கிஸ் தன் வேலையை முடித்திருந்தாள். கை பக்கத்துக் குழாயை இழுத்தது, தைத்தது, முடிச்சுப் போட்டது, திருப்பி வைத்தது. அவள் மனசு அப்போது வாணியம்பாடியில் நடக்கவிருந்த ஒரு நிக்காஹ்வில் என்ன உடுத்தலாம் என்ற யோசனையில் இருந்தது. திரும்பி வந்த ஜெனிஃபா முடிந்திருந்த குழாயைப் பார்த்தாள், விஷயம் புரிந்தது, நல்லதாகப் போயிற்று என்று தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டாள்.

"சொல்லிடலாம்னு நெனச்சேன்க்கா," என்றாள் ஜெனிஃபா. "நீங்க மறந்துட்டீங்கன்னு எனக்கு எப்டித் தெரியும்? எனக்காகக் கண்டுக்காம இருக்கீங்கன்னு பாத்தேன்."

அந்தக் குழாயைத் தண்ணீர் அழுத்தத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. இழுத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. ஆய்வுகள் எல்லாவற்றிலும் தேறிய குழாயை ஜெபசீலன் கத்தரியால் நான்காக வெட்டினார்.

"நல்லா இருக்கறத எதுக்கு சார் வெட்றீங்க?" பில்கிஸுக்குத் தன் மேல் வந்த கோபத்தைவிட இதுதான் தாங்கவில்லை.

"நாலு வருஷம் கழிச்சு இது ஒருத்தர் வயித்துக்குள்ள பிரிஞ்சுதுன்னு வைங்க. தாள எடுத்துப் பாப்பாங்க. ஜெனிஃபான்னு இருக்கும். ஜெனிஃபா தைச்ச மத்ததெல்லாம் எங்க எங்க இருக்குன்னு தேடிப் போவாங்க. நீங்க தைச்சது வேற ஆளுங்க வயித்துல நிம்மதியா உக்காந்திருக்கும். அத யாரு தேடறது?"

ஷூவில் தையல் விட்டால் பெட்டி திரும்பி வரும், திட்டு விழும், அத்தோடு போகும். இது திரும்பி வருகிற சரக்கில்லை.

"இதுக்கு முன்னாடியும் இப்படிச் செஞ்சிருக்கீங்களா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நினைவில்லாமல் செய்த ஒன்றை எத்தனை முறை செய்தோம் என்று எப்படிச் சொல்வது?

"தெரியல சார்," என்றாள்.

இந்த ஒரு வார்த்தைக்கு விலை அவளுடைய அட்டை. ஜெனிஃபாவுக்கு, தைக்காததைத் தைத்ததாகக் கையெழுத்துப் போட்டதற்கு எழுத்தில் எச்சரிக்கை. கிடங்கிலிருந்த நாற்பத்தொரு குழாய்களையும், வெளியே போனவற்றின் படங்களையும் ஜெபசீலன் நான்கு நாள் உட்கார்ந்து பார்த்தார். சாய்வைக் கண்டுபிடிப்பதில் பில்கிஸின் கண்ணை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அவளை அந்த அறைப் பக்கமே விடவில்லை, அதுவும் சரிதான். வெளியே போனவற்றில் ஒன்றும் இல்லை. கிடங்கில் ஒன்று அகப்பட்டது, நான்கு தையலோடு. அதையும் வெட்டினார்கள்.

"பொய் சொல்லத் தெரியாதா ஒனக்கு?" என்றான் வாஹித் பாஷா, தமிழில்.

"நீ தோல்ல ஒரு கீறலப் பாத்துட்டு, நல்ல தோலோட சேத்து வெப்பியா?"

அவன் உருதுவுக்குத் திரும்பிவிட்டான்.

ஒரு மாதம் பில்கிஸ் வெளி அறையில் அட்டைப் பெட்டி மடித்தாள். மாதக் கடைசியில் பரீட்சை. புதிதாகப் பயிற்சி முடித்தவர்களோடு சேர்ந்து முதலிலிருந்து எழுத வேண்டும். தேறாவிட்டால் வேலை இல்லை. நாற்பதை நெருங்குகிறவளை ஷூ கம்பெனியும் திரும்ப எடுக்காது, எடுத்தாலும் புது ஆள் கணக்கில்தான்.

பரீட்சை இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்து மணி வரை. எவ்வளவு தைத்தார்கள் என்பதற்கு மார்க் கிடையாது, எப்படித் தைத்தார்கள் என்பதற்குத்தான் மார்க். பில்கிஸுக்கு வலப்பக்கம் ஆஃப்ரீன் என்று ஒரு புதுப் பெண், அவளும் ஆம்பூர் ஷூ கம்பெனியிலிருந்து வந்தவள். நாலே முக்காலுக்கு பில்கிஸ் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். ஆஃப்ரீனின் வளையத்தில் இன்னும் ஏழு தையல் பாக்கி. ஆஃப்ரீனின் நூல் சிக்கிக்கொண்டது. அவள் வியர்த்துக்கொண்டு சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரம் சத்தமில்லாத வகை, இருந்தும் பில்கிஸுக்கு அது கேட்டது.

அவள் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

பதினைந்து நிமிடம் அப்படியே. கை மரத்துப்போனது. மணி அடித்தது. ஆஃப்ரீன் அரைகுறையை டப்பாவில் வைத்து மூடி, தாளில் நேரம் எழுதினாள். பில்கிஸ் எழுந்து நின்று விரல்களை உதறினாள். மூன்று முறை பார்க்கிற ஜெபசீலன் அதை ஒரு முறை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு நாளில் முடிவு வந்தது. பில்கிஸுக்கு அட்டை திரும்பக் கிடைத்தது. தைத்தவரைக்கும் சரியாகத் தைத்து, மிச்சத்தை ஒழுங்காக மூடி வைத்ததற்காக ஆஃப்ரீனும் தேறினாள்.

அன்று மாதனூர் பஸ்ஸில் ஆஃப்ரீன் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள், ஆனால் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள். பள்ளிகொண்டா தாண்டியதும் பொறுக்க முடியாமல் திரும்பினாள்.

"நீங்களும் ஷூ லைன்தான்னு சொன்னாங்க. ஏழே ஏழு தையல்க்கா. சும்மா பாத்துக்கினே ஒக்காந்திருந்தீங்களே."

"சும்மா எங்க ஒக்காந்திருந்தேன்?" என்றாள் பில்கிஸ். "கை மேல ஒக்காந்திருந்தேன்."