வேங்கடேசனின் ஊசிக் கயிறு

கைக்கு இரண்டு முறை சோப்புப் போட்டு, நகக்கண்களை வேப்பங்குச்சியால் நோண்டி, மறுபடியும் ஒருமுறை கழுவிவிட்டு, ஈரக் கைகளைத் துடைக்காமல் காற்றில் உயர்த்திப் பிடித்தபடி நிற்கிறார் ஹெல்த் இன்ஸ்பெக்டர் வேங்கடேசன். துண்டில் கிருமி இருக்குமாம். பஸ்ஸில் வந்த நாற்பது பேர் வெயிலில் காத்திருக்கிறார்கள். கை காய்ந்த பிறகுதான், ஸ்பிரிட் விளக்கின் மேல் கொதிக்கிற ஊசியை இடுக்கியால் எடுப்பார்.

இந்த வைபவம் ஒவ்வோர் அமாவாசையும், மேல்மலையனூருக்கு இன்னும் ஒரு மைல் இருக்கும்போது, சாலைக்குக் குறுக்கே கட்டிய தாம்புக் கயிற்றின் ஓரத்தில் நடக்கும். அங்காளம்மனைப் பார்க்க வருகிற கூட்டம் வாந்திபேதியையும் கூட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்று ஏற்பாடு. காலரா ஊசி போட்ட சீட்டைக் காட்டினால் கயிறு தாழும். இல்லையென்றால் சட்டைக் கையைச் சுருட்ட வேண்டும். ஜனங்கள் அந்த இடத்துக்கு ஊசிக் கயிறு என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

வேங்கடேசனுக்கு வயது நாற்பத்தாறு, வீடு திண்டிவனத்தில். சட்டைப் பையில் மூன்று பேனா இருக்கும், ஒன்றுதான் எழுதும். வீட்டில் காய்ச்சிய தண்ணீரைப் பிளாஸ்க்கில் கொண்டுவருவார்; கல்யாணப் பந்தியில்கூட அதை இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார். பஸ் கூரையில் அவருடைய மடக்கு நாற்காலி வரும். அதை இறக்கி, விரித்து, நாலு பக்கமும் நடந்து பார்த்து, தோதான திசையைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தாரானால் அப்புறம் லேசில் எழுந்திருக்க மாட்டார்.

அவருடைய சீட்டுப் புத்தகங்களை அச்சடிக்கிற அச்சாபீஸில் நான் புரூப் திருத்துகிறவன். மாதா மாதம் புத்தகம் கூடிக்கொண்டே போனது. "போன மாசம் ஆயிரத்து எண்ணூறு. இந்த மாசம் ரெண்டாயிரத்தத் தாண்டிடும், பாத்துக்கினே இரு" என்பார்.

"அப்போ வாந்திபேதி கொறஞ்சிருக்குமே சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது வேற ரிஜிஸ்டர்" என்றார்.

எண்ணிக்கை போதாத அமாவாசைகளில் பாரவண்டிக்காரர்களைப் பிடிப்பார். அவர்களும் அகப்படாவிட்டால் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருக்கவே இருக்கிறார்கள். ஒரே வருஷத்தில் ஐந்து தடவை குத்து வாங்கிய பையன்களை எனக்குத் தெரியும். பாவம், காலராவுக்கு அவர்களைக் கண்டாலே பயமாக இருந்திருக்கும்.

இனி கண்ணையனைச் சொல்ல வேண்டும். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாக மேல்மலையனூர் போகிற பஸ்ஸின் கண்டக்டர். காதில் பென்சில், வாயில் வெற்றிலை, நாக்கில் நக்கல். போன வருஷம், 1961 ஐப்பசி அமாவாசையன்று, நான் மேல்மலையனூருக்கு டிக்கெட் கேட்டபோது என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னா சார், கையில பலம் இருக்குதா? எல்லாரும் ஏரிமேடுதான் கேக்குறாங்க."

கயிற்றுக்கு முந்தின ஸ்டாப் ஏரிமேடு. அங்கே இறங்கினால் வயல் வரப்பு வழியாக இரண்டு மைல் நடந்து, ஊசியில் மாட்டாமல் கோயிலுக்குப் போய்விடலாம். ஊசி போட்டால் கை வீங்கும், இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும். மல்லாட்டைக் கடலை பிடுங்குகிற காலத்தில் இரண்டு நாள் கூலியை யார் விடுவார்கள்? எனக்குக் கூலியும் இல்லை, மல்லாட்டையும் இல்லை. வெறும் பயம். நானும் ஏரிமேட்டில் இறங்கினேன்.

வரப்பு போகிற வழியில் சேரி. சேரிக்கு முன்னால் ஒரு மண்கிணறு. கைப்பிடிச் சுவர் கிடையாது, நாலு படி இறங்கி மொள்ள வேண்டும். ஊர்க் கிணறு ஒன்று நல்லபடியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். சேரிக்காரர்கள் அதில் கயிறு விடக் கூடாது. அவர்கள் குடிப்பது இந்த மண்கிணற்றுத் தண்ணீரைத்தான். அன்றைக்கு எங்கள் கூட்டம் முழுக்க அதில் இறங்கியது. குடித்தார்கள், வாய் கொப்பளித்தார்கள், பிள்ளைகளுக்குக் கால் கழுவினார்கள். நானும் படியில் நின்று கால் கழுவினேன். இதை எழுதும்போது அந்தக் காலை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

அடுத்த ஏழு நாளில் சேரியில் ஒன்பது பேர் வாந்திபேதியில் போனார்கள். அதில் ஒருவன் கூலிவேலை செய்கிற பூமாலை. அவன் பெண்சாதி கெங்கம்மாளும் நாலு வயது மகளும் மிஞ்சினார்கள்.

வேங்கடேசன் வந்தார். செய்ய வேண்டியதையெல்லாம் ரிஜிஸ்டர்படி செய்தார். ஊர்க் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கொட்டினார். சேரியில் உயிரோடு இருந்தவர்களுக்கெல்லாம் ஊசி போட்டார். பத்திரிகைக்குச் சேதி எழுதலாம் என்று கூடப் போன நான் பக்கத்தில் நின்றிருந்தேன். கெங்கம்மாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"சாமி, நாங்க குடிக்கிறது இந்தக் கெணறு. இதுல ஒரு பிடி பவுடரு போட்டுட்டுப் போங்க சாமி. அடுத்த அமாவாசைக்கும் இந்த வழியாத்தான் வருவாங்க. எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்."

"அது ரிஜிஸ்டர்ல கால்நடைக் குழின்னு இருக்குதும்மா. மாட்டுத் தண்ணிக்குப் பவுடர் போட்டேன்னு ஆடிட்ல என்னத்தான் கேப்பாங்க."

"அப்போ ஊர்க் கெணத்துல மொண்டுக்கட்டுமா சாமி?"

"அது என் செக்ஷன் இல்ல" என்று பிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடித்தார்.

தண்ணீர் பஞ்சாயத்து செக்ஷன். வரப்பு ரெவின்யூ செக்ஷன். பஸ் கம்பெனிக்காரன் செக்ஷன். தீண்டாமை எந்த செக்ஷன் என்று நான் கேட்கவில்லை. மனித உடம்பிலேயே முழங்கைக்கு மேலே நாலு அங்குலம்தான் அரசாங்கம் இவர் பொறுப்பில் விட்டிருக்கிறது. அந்த நாலு அங்குலத்தை அவர் குறையில்லாமல் ஆண்டு வந்தார்.

கண்ணையனுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வேங்கடேசனை மடக்கி, டிக்கெட் அடிக்கட்டைகளை அவர் மூக்குக்கு நேரே விரித்தான்.

"பாருங்க சார். ஏரிமேட்டுக்கு மத்த நாள்ல நாலு டிக்கெட் கிழிச்சா பெரிசு. அமாவாசைக்கு எரநூத்திப் பத்து. அந்த ஊர்ல இருக்கிறதே எழுவது வூடு. அத்தினி பேரும் மாமியார் வூட்டுக்கா போறாங்க? ஒங்க கயித்துக்குப் பயந்துகினு எறங்குறாங்க. எறங்கி அந்தக் கெணத்துத் தண்ணியக் குடிச்சிட்டு, இருக்கிற சீக்கையும் அதுலயே வுட்டுட்டுப் போறாங்க. கயிறு கட்டுறதுக்கு முன்ன இந்த வரப்புல எவன் சார் நடந்தான்? கயித்த அவுத்துடுங்க. கேக்குறவனுக்கு மட்டும் ஊசி போடுங்க. கெணத்துக்குப் பவுடரப் போட்டு, ரோட்டோரம் நாலு பானை நல்ல தண்ணி வைங்க. பேஜாரு வுட்டுதுன்னு சனம் பஸ்லியே வரும்."

பஸ்ஸில் தொங்கிக்கொண்டு டிக்கெட் கிழிக்கிறவனுக்கு, நோய் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்பது முழுசாகத் தெரிந்திருந்தது. படித்துப் பாஸான வேங்கடேசன் அடிக்கட்டைகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, இத நீ முன்னாடியே சொல்லக் கூடாதா? எல்லாரும் ஏரிமேட்டுலதான் எறங்குறாங்க, அப்படித்தான?"

"ஆமா சார்."

"அப்போ கயித்த ஏரிமேட்டுல கட்டிடுறேன்."

கண்ணையன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ரைட், போலாம்" என்று விசில் கொடுத்தான். பஸ்ஸில் அப்போது டிரைவரே ஏறியிருக்கவில்லை.

விழுப்புரத்தில் மாதக் கூட்டம் நடந்தபோது வேங்கடேசன் இந்த யோசனையை எடுத்துச் சொன்னாராம். மேலே இருக்கிறவர்கள் ரொம்பவும் மெச்சிக்கொண்டார்களாம். அச்சாபீஸுக்கு வந்து இரண்டு புத்தகம் அதிகமாக அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். "இனிமே ஒரு ஆளு தப்ப முடியாது" என்றார்.

கார்த்திகை அமாவாசை வந்தது. பிற்பகல் மூன்று மணி பஸ்ஸில் நானும் இருந்தேன், நிற்க இடமில்லை. கண்ணையன் டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தான். ஏரிமேட்டுக்கு முந்தின ஸ்டாப் கல்லாங்குத்து. ஒரு சுமைதாங்கிக் கல்லைத் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. பஸ் அங்கே நின்றதும் வேப்பிலைக் கூடைகள், கோழிகள், மஞ்சள் புடவைகள், பிள்ளைகள் எல்லாம் மடமடவென்று இறங்கின. அங்கிருந்து கிளம்புகிற வரப்பு ஏரிமேட்டு வரப்பில் போய்ச் சேர்ந்து, அதே சேரி வழியாக, அதே கிணற்றுக்குத்தான் போகிறது. ஒரு மைல் அதிக நடை. தாகமும் அவ்வளவுக்கு அதிகமாக எடுக்கும்.

"இன்னா சார், நீங்க எறங்கல?" என்றான் கண்ணையன்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

ஏரிமேட்டுக் கயிற்றில் இறங்கியவர்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர். வேங்கடேசன் புளியமரத்து நிழலில், வயல்வெளியைப் பார்த்து நாற்காலி போட்டிருந்தார். பக்கத்தில் ஊர்க் கிணற்றுக்கென்று கொண்டுவந்த இரண்டு டின் பவுடர். நான் சட்டைக் கையைச் சுருட்டினேன். குத்திவிட்டு, "பாத்தியா, கூட்டமே இல்ல. எல்லாரும் முன்னாடியே ஊசி போட்டுக்கினாங்க போல" என்றார் சந்தோஷமாக.

கெங்கம்மாள் அங்கே வந்து நின்றிருந்தாள். இடுப்பில் மகள், கையில் ஒரு காலி டப்பா. நெடுநேரமாக நிற்கிறாள் என்பது அவள் நின்ற தினுசிலேயே தெரிந்தது.

"சாமி, முள்ளு வெட்டிக் கெணத்தச் சுத்திப் போட்டேன். தள்ளிட்டு எறங்குறாங்க. ஒரு பிடி குடுங்க சாமி, நானே போட்டுக்கிறேன்."

"யாரும்மா எறங்குறாங்க? ரோட்டுலதான் ஒரு ஆளையும் காணோமே."

அவள் டப்பாவைப் பிடித்த கையாலேயே மேற்கே காட்டினாள். "அதோ, பாருங்க சாமி."

வேங்கடேசன் ரிஜிஸ்டரை நெற்றிக்கு மேல் மறைப்பாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மல்லாட்டைக் கொல்லைகளுக்கு அப்பால், வரப்பின் மேல், தலையில் வேப்பிலைக் கூடையும் தோளில் பிள்ளையுமாக, கல்லாங்குத்திலிருந்து சேரி வரைக்கும் அறாமல் ஆள் நடந்துகொண்டிருந்தது. நன்றாகத்தான் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு, "வெயிலு மூஞ்சியில அடிக்குது" என்று எழுந்து, நாற்காலியைத் தூக்கி, கிழக்கே பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.