சின்ன மவுத் ஆர்கன்

“மீன்கார வூட்டுப் பொண்ணுக்கு எது நல்ல மவுத் ஆர்கன்னு இன்னாடி தெரியும்?” என்று விடுதித் தோழி சீண்டினாள். செங்கல்பட்டு ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் ஆண்டு விழாவில் வாசிக்க ஒருத்திக்குத்தான் இடம். இருவரும் பெயர் கொடுத்திருந்தோம்.

மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்களிடம் சங்கு மாலை கொடுத்து அண்ணன் மாற்றி வந்த இரண்டு மவுத் ஆர்கன்களையும் அவளுக்கு ஊதிக் காட்டினேன். பெரியது உதட்டில் சுகமாக வழுக்கினாலும், கீழ்ச் சுரங்களுக்கு நிறைய மூச்சு கேட்டது. சிறியது உதட்டைக் கடித்தது. ஆனால் மெல்ல ஊதினாலே தெளிவாகப் பேசியது.

“சின்னதுதான்டி ஒசத்தி” என்றேன்.

எங்கள் குப்பத்தில் யாரும் பெட்டியைப் பூட்டுவதில்லை. விடுதியில் நானும் பூட்டவில்லை. விழாவுக்கு ஆள் தேர்ந்தெடுத்த அன்று அவள் என் பெட்டியிலிருந்த அந்தச் சின்னதையே என் கண்ணெதிரே வாசித்துவிட்டு, “எங்க மாமா வாங்கிக் குடுத்தது, டீச்சர்” என்றாள்.

நான் பெரியதை எடுத்துக்கொண்டு, “அடுத்து நான், டீச்சர்” என்று முன்னால் போய் நின்றேன்.