இடக்கைத் துவக்கு

என் அக்காவுக்குக் கிடைக்க வேண்டிய துவக்கை நான்தான் கிடைக்காமல் செய்தேன். பதினான்கு வயதில், ஒரு சனிக்கிழமை காலையில், இரண்டு மொழிகளில் பொய் சொல்லி அதைச் செய்தேன். இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டேன். இடையில் இருபத்தைந்து வருடம் ஜெர்மன் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். உள்ளதை உள்ளபடி பெயர்ப்பேன் என்று சத்தியம் செய்து உழைத்த சோறு. நீதிபதிகள் என்னை நம்பினார்கள். அவர்களிடம் நான் நேர்மையாகத்தான் இருந்தேன் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை.

துப்பாக்கியை எங்கள் யாழ்ப்பாணத்துப் பக்கம் துவக்கு என்போம். ஊரில் துவக்கு என்றால் ஆமிக்காரன் கையில் இருப்பது. ஜெர்மனிக்கு, ஹம் நகரத்துக்கு வந்த பிறகுதான் அதை விளையாட்டுக்கும் வைத்திருப்பார்கள் என்று கண்டோம். இந்தப் பக்கத்தில் ஊருக்கு ஒரு சுடுவோர் கழகம் உண்டு. வருடத்தில் ஒருநாள் பச்சைக் கோட்டுப் போட்டு, வாத்தியம் முழங்க ஊர்வலம் போவார்கள். மற்ற நாட்களில் நிலவறையில் நீளமான கூடமொன்றில் தாள் வட்டங்களைச் சுடுவார்கள்.

பேக்கரியில் தொழில் பழகிக்கொண்டிருந்த அக்காவை கூட வேலை செய்த ஒருத்தி ஒருநாள் அந்தக் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அக்கா பன்னிரண்டு வயதில் இங்கு வந்தவள். அவளுடைய ஜெர்மன் இன்றுவரை நொண்டுகிறது. அதனால் எங்கும் வாய் திறக்க மாட்டாள். கழகத்தில் வாய் தேவைப்படவில்லை. மூன்றே மாதத்தில் அவள் சுட்ட தாள்கள் குளிர்பெட்டிக் கதவில் தொங்கத் தொடங்கின. நடுவில் ஒரே ஓட்டை, அதற்குள்தான் பத்துக் குண்டும் போயிருந்தன.

அதுவரை எங்கள் வீட்டின் பெரிய மனிதன் நான். கடிதம் வந்தால் என்னைத் தேடுவார்கள். வெளிநாட்டவர் அலுவலகத்தில் அப்பாவுக்கும் அதிகாரிக்கும் நடுவில் எனக்கொரு கதிரை உண்டு. கம்பி ஆலையில் ஆறு வருடம் வேலை செய்திருந்த அப்பாவுக்கு எண்களும், ஆலைச் சொற்கள் கொஞ்சமும், ஓம், இல்லை என்பதும் தெரியும். ஆனாலும் நான் பக்கத்தில் இருந்தால் அவர் அதைக்கூடத் தன் வாயால் சொல்ல மாட்டார். எங்கள் வீட்டுப் பேச்சு என் வாய்வழியாகத்தான் வெளியே போகும். அதற்குக் கூலியாக அம்மா என் தட்டில் ஒரு முட்டை கூடுதலாக வைப்பாள்.

நானும் ஒருநாள் கழகத்துக்குப் போனேன். என் குண்டுகள் பக்கத்துத் தாளில் விழுந்தன. வீட்டுக்கு வந்து அக்கா சொன்னாள்: "பக்கத்தில நிண்டவன்ரை தாளுக்கெல்லோ இவர் சுட்டவர். அங்கயும் ஆருக்கும் மொழிபெயர்த்தனீரோ?" அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அவர் அபூர்வமாகச் சிரிப்பவர்.

அக்கா இடக்கைக்காரி. சின்ன வயதில் அம்மா அடித்து அடித்து எழுதுவதையும் சாப்பிடுவதையும் வலக்கைக்கு மாற்றியிருந்தாள். துவக்கைத் தொட்டதும் அந்த அடியெல்லாம் மறந்து இடத்தோள் தானாக முன்னே வந்ததாம். கழகத்தில் இருந்தவையோ வலக்கைத் துவக்குகள். ஒவ்வொரு குண்டுக்கும் அவள் துவக்கைத் தோளிலிருந்து இறக்கி, கையை மேலால் வளைத்து, வலப்பக்கம் இருக்கும் குண்டேற்றும் தாழ்ப்பாளை இழுத்து, மறுபடி ஏற்றிக் குறிபார்க்க வேண்டும். அப்படியும் கழகப் போட்டியில் மூன்றாவதாக வந்தாள். இலையுதிர் காலத்தில் மாவட்ட இளையோர் அணிக்கு ஆள் எடுப்பார்கள். பொருந்திய துவக்கு இருந்தால் அவளை எடுப்பேன் என்று பயிற்சியாளர் சொன்னார். அவளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. துவக்கு வைத்திருக்கும் அனுமதிக்கு அவளே விண்ணப்பிக்கலாம். துவக்குத்தான் இல்லை.

இரண்டு மாதம் வீட்டில் அதே கதை. புதிய இடக்கைத் துவக்கு ஒன்றின் விலை அப்பாவின் மூன்று மாதச் சம்பளம். முயல் சுடுகிற மெலிந்த துவக்கு மலிவு. "ஐம்பது மீற்றரில அது எங்க சுடும் எண்டு அதுக்கே தெரியாது" என்று அக்கா அதைத் தள்ளினாள். பழைய வலக்கைத் துவக்குகள் கழகத்து அறிவித்தல் பலகையில் எப்போதும் இருந்தன. அவற்றை வாங்கினால் பழைய தொல்லைதான். ஆலையில் இரவு வேலை கூடுதலாகச் செய்து அப்பா நானூறு மார்க் ஒதுக்கியிருந்தார். அதற்குள் போட்டிக்கு ஏற்ற சிறுதுளைத் துவக்கு, நேராகச் சுடுவது, இடக்கைக்கு. அப்படி ஒன்று ஜெர்மனியிலேயே இல்லை என்று நான் சந்தோஷமாகச் சொல்லித் திரிந்தேன்.

இருந்தது. கழகத்தில் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் இருந்தார். அவருடைய மகன் இடக்கைக்காரன். வேலை கிடைத்துத் தூர ஊருக்குப் போனவன் துவக்கைத் திரும்பிப் பார்க்கவில்லை. சனிக்கிழமை பத்து மணிக்கு வீட்டுக்கு வரச் சொன்னார். அக்காவுக்குச் சனிக்கிழமை பேக்கரியில் விடுப்பு இல்லை. அவள் ஒரு தாளில் நான்கு கேள்வி எழுதி என் சட்டைப் பையில் வைத்தாள். குழல் உள்ளே துருப்பிடித்திருக்கிறதா, விசை எவ்வளவு இலகு, எத்தனை கிலோ, கண் வைத்துக் குறிபார்க்கும் துளைச்சில்லும் சேர்த்துத்தான் விலையா.

"தம்பி, ஒண்டும் விடாமல் கேள். நீ கேட்டால்தான் வடிவாய்க் கேப்பாய்" என்றாள்.

நான் ஒன்றும் விடாமல் கேட்டேன். கிழவர் தாழ்ப்பாளைக் கழற்றிக் குழலை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினார். உள்ளே கண்ணாடி போல் மினுங்கியது. விசை இறகு பட்டால் விழும் என்றார். ஐந்து கிலோவுக்குச் சற்று மேலே. சில்லும் தோல்வாரும் பெட்டியும் சேர்த்து நானூறு. பெண்பிள்ளை சுடுவதைத் தான் பார்த்திருப்பதாகவும் வேறு யாரும் கேட்டால் அறுநூறு என்று சொல்லியிருப்பேன் என்றும் சொன்னார்.

பிறகு துவக்கை அப்பாவின் கையில் கொடுத்தார். அப்பாவின் கைகள் நடுங்கின. பணம் போகிறதே என்ற நடுக்கம் என்று நினைத்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் ஏந்திக்கொண்டு நின்றார்.

"பாரமில்லை. பிள்ளை தூக்குவாள்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஓமெண்டு சொல்லு" என்றார்.

ஒரு சொல். அதை நான் பெயர்க்கவில்லை. "அப்பா, இதை வாங்கினால் பொலிசில பதிய வேணுமாம்" என்றேன். அது உண்மை. "அகதிக் குடும்பம் எண்டால் எங்கட ஃபைலையும் எடுத்துப் பாப்பினமாம். விசா புதுப்பிக்கிறதும் கஷ்டமாம்" என்றேன். அது நான் அந்த நிமிடத்தில் இட்டுக்கட்டியது.

அப்பா துவக்கை மெதுவாக மேசையில் வைத்தார். விரல் பட்ட இடங்களைச் சட்டைக் கையால் துடைத்தார். கிழவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு தலையசைத்தார். என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். எங்கள் ஆட்களில் பெண்பிள்ளைகள் துவக்குத் தொடுவதில்லை, அப்பாவுக்குச் சம்மதம் இல்லை என்றேன். கிழவரின் முகம் மாறியது. அப்பாவுக்குக் கை கொடுத்தார், கண்ணைப் பார்க்காமல்.

வழியில் அப்பா சொன்னார்: "அக்காட்டை ஒண்டும் சொல்லாதை. விசா கதை கேட்டால் பயந்திடுவாள்." எனக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

அக்கா மாலையில் மாவு படிந்த கையோடு ஓடி வந்தாள். "உது சரிவராது பிள்ளை. விட்டிடு" என்றார் அப்பா. ஏன் என்று அவள் மூன்று முறை கேட்டாள். அவர் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் கழகத்தில் கிழவர் வருத்தப்பட்டு அவளிடம் காரணத்தைச் சொன்னார், என்னுடைய காரணத்தை. அவள் வீட்டுக்கு வந்து குளிர்பெட்டித் தாள்களைக் கழற்றிக் கிழித்தாள். பிறகு கழகத்துக்குப் போகவில்லை. அந்த நானூறு மார்க்கில் அப்பா எனக்கு ஐந்து கியர் சைக்கிள் வாங்கித் தந்தார். "நீ இல்லாட்டில் அண்டைக்கு மாட்டுப்பட்டிருப்பம்" என்றார்.

அக்கா இருபது வயதில் டோர்ட்மண்டில் ஒருவரைத் தானே பார்த்துக் கல்யாணம் செய்தாள். அப்பாவோடு பேச்சு மூன்று சொல்லாகச் சுருங்கியது. ஓம், இல்லை, சாப்பிட்டாச்சு. "இவளுக்கு நான் என்ன செய்தனான்?" என்று அவர் ஒருமுறை என்னைக் கேட்டார். அப்போது நான் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளன். "வேலைக் களைப்பப்பா" என்றேன்.

அப்பா போய் எட்டு வருடமாகிறது. அவரை ஊரில் ஆமிக்காரர் ஒரு சோதனையில் முழங்காலில் இருத்திப் பிடரியில் துவக்கை வைத்திருந்தார்கள் என்று செத்தவீட்டில் அம்மா யாருக்கோ சொன்னபோதுதான் கேட்டேன். அதன் பிறகு அவர் கையால் தொட்ட துவக்கு அந்தச் சனிக்கிழமை தொட்டதுதான். மகளுக்காகத் தொட்டு, பாரமில்லை என்றார். எனக்கு அது தெரியவில்லை. பதினான்கு வயதில் நான் அறிந்த பயமெல்லாம் முட்டை அக்காவின் தட்டுக்குப் போய்விடும் என்பதுதான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து எல்லோரும் போன பிறகு அக்காவிடம் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. புதிய இடக்கைத் துவக்கு வாங்கப் பணம் கொண்டு வந்திருந்தேன். டோர்ட்மண்ட் கழகமொன்றின் படிவமும் கொண்டு வந்தேன்.

அவள் படிவத்தை முழுக்க வாசித்தாள். "ஒரு கண்ணில புரை வளருது. எனக்கு இப்ப துவக்கு என்னத்துக்கு?" என்றாள். படிவத்தை மடித்து வைத்துவிட்டு, "அப்பாவுக்கு இது தெரியுமோ?" என்றாள்.

"இல்லை."

"அப்ப, நான் ஏன் கதைக்கேல்லை எண்டு தெரியாமலே அந்த மனுசன் போயிட்டுது."

பணத்தை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். அதன் பிறகு என்னோடு அவள் பேசவில்லை.

அப்பாவின் திவசம் வருடாவருடம் அவள் வீட்டில்தான். எனக்கும் சொல்லி அனுப்புவாள். நானும் போவேன். வாழையிலை அச்சடித்த காகிதத் தட்டுகளை வரிசையாக வைத்து அவளே பரிமாறுவாள். எல்லோருக்கும் வலக்கையால், அம்மா அடித்துப் பழக்கிய கையால். என் முன்னால் வந்ததும் அகப்பையை இடக்கைக்கு மாற்றுவாள். பக்கத்தில் இருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் தட்டைப் பார்ப்பார்கள். நான் குனிந்துகொள்வேன். அந்தக் கை நடுங்குவதில்லை. ஒரு பருக்கைகூட வெளியே விழுவதில்லை.