பின்னங்கால் பாத்தாச்சு

துபாயில் பதினோரு வருஷம் நான் எலக்ட்ரீசியன். அண்ணாந்து பார்த்தால் தொப்பி கீழே விழுகிற கட்டடங்களுக்கெல்லாம் ஒயர் இழுத்திருக்கிறேன். ஊருக்குத் திரும்பிய பிறகு கீழ்வேளூர் பக்கம் ஒரு கடையில், எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிக்கொண்டிருக்கிறேன். இப்பேர்ப்பட்ட மின்சார மேதைக்கு, பத்தடிக்குப் பன்னிரண்டடி குதிரைக் கொட்டகை ஒன்றுக்கு மார்கழி முழுக்க ஒழுங்காக ஒரு விளக்குப் போடத் தெரியவில்லை. அதில் ஒரு குதிரையின் கால் போயிற்று. இதைச் சொன்னால் சிரிப்பவர்கள் உண்டு. முதலில் சிரித்து ஆரம்பித்து வைத்தவன் நான் என்பதால் அவர்களை ஒன்றும் சொல்வதற்கில்லை.

குதிரை வாங்க எனக்கு நியாயமான காரணம் எதுவும் கிடையாது. துபாயில் பெரிய மனிதர்களின் குதிரைகளை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவன், ஒருமுறையாவது வேலிக்கு உள்ளே நின்று பார்க்க ஆசைப்பட்டேன். வீட்டில் சொன்ன காரணம் வேறு. மாப்பிள்ளை அழைப்புக்கும் காதணி விழாவுக்கும் வாடகைக்கு விடலாம் என்றேன். வெள்ளைக் குதிரை என்று சொல்லி வாங்கினேன். வெள்ளைதான், துவைக்காத வெள்ளை. பெட்டை. ஆறு வயது. யாரையும் கடிக்காது, என்னைத் தவிர.

விற்றவர் கயிற்றைக் கையில் கொடுக்கும்போது ஒரு விஷயம் சொன்னார். "ஒங்க ஊரு களிமண்ணுல இதுக்கு வேற ஒண்ணும் வராதுங்க. கால்தான் பயம். தெனம் ஒருவாட்டி நாலு காலயும் தூக்கிப் பாத்துடுங்க. குளம்புக்கு அடியில சேறு தங்க வுடாதீங்க. கறுப்பா, நாத்தமா எதாவது தெரிஞ்சா அன்னிக்கே டாக்டர்கிட்ட போயிடணும். அசந்தீங்கன்னா கால் போயிடும். கால் போன குதிரைய வச்சி என்ன பண்ணுவீங்க?"

அதற்கு நான் ஒரு ஜோக் அடித்தேன். என்ன ஜோக் என்று இப்போது ஞாபகம் இல்லை. அவர் சிரிக்கவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

முதலில் வீட்டுக் கொல்லையில்தான் கட்டினேன். ஈ வருகிறது, நாற்றம் வருகிறது என்று தெருவில் பேச்சு கிளம்பியதும் வயலோரம் போர்வெல் இருக்கும் மேட்டில் கொட்டகை போட்டேன். மூங்கில் கால், தென்னங்கீற்று. பத்தடி தள்ளி மோட்டார் ரூமில் மூன்று ஃபேஸ் கரண்ட் வந்து நிற்கிறது. ஆனால் அது விவசாயத்துக்கான இலவசக் கரண்ட். மோட்டார் மட்டும்தான் ஓடலாம். ஒரு குண்டு பல்பு தொங்குவதைப் பார்த்தாலும் மின்வாரியத்தார் இணைப்பைப் பிடுங்கிவிடலாம். பிடுங்கினால் போவது என் பங்கு மட்டும் இல்லை, அதே மோட்டாரில் தண்ணீர் பாயும் அண்ணன் பங்குச் சம்பாவும்தான். ஊரில் எத்தனையோ பேர் மாட்டிக்கொண்ட கதை என் கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் சொல்லப்பட்டது. ஆகவே கை அரித்தும் கொக்கி போட்டுக் கரண்ட் இழுக்கவில்லை. நான் யோக்கியன் ஆனது அந்த ஒரு விஷயத்தில்தான். அதற்கும் குதிரைதான் தண்டனை அனுபவித்தது.

தனி இணைப்புக்கு மனுப் போட்டேன். கம்ப்யூட்டர் சென்டரில் தட்டச்சு செய்த பெண்ணிடம், பேச்சுவாக்கில், "குதிர கொட்டாய்க்கு லைட்டு" என்றேன். நெல் விளையும் ஊரில் குதிர் என்றால் நெல் கொட்டி வைப்பது. குதிரை யாரிடம் இருக்கிறது? அந்தப் பெண் 'குதிர் கொட்டகை' என்று அடித்துவிட்டது. நான் கீழே கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்க்கவில்லை. பார்க்காமல் விடுவது அப்போதே ஆரம்பித்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

பார்வையிட வந்த அதிகாரி வரப்பில் வழுக்கி, பேண்ட்டில் சேற்றோடு வந்து சேர்ந்தார்.

"குதிர் எங்கங்க?"

"அதோ நிக்கிது சார்."

குதிரை அவரைப் பார்த்து மூக்கைச் சிந்தியது. அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுல நெல்லு கொட்டுவீங்களா?"

"தின்னும் சார்."

சிரித்தார். நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே, மனு தானியச் சேமிப்பு என்று பதிவாகியிருக்கிறது, ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், குதிரைக்கு எந்தக் கட்டணப் பிரிவு என்று கேட்டுச் சொல்கிறேன் என்றார். கம்பம் நடப் பக்கத்து வயல்காரர் சம்மதமும் வேண்டுமாம். அவர் எனக்குப் பங்காளி. அறுவடை முடியட்டும், பேசுவோம் என்றார். அறுவடை மாசியில். இருட்டு கார்த்திகையிலேயே வந்துவிட்டது.

மழை விட்டதும் ஊரில் இருக்கிற மோட்டார்கள் எல்லாம் வரிசையாகப் புகைந்தன. ஞாயிற்றுக்கிழமையும் கடை. பனிமூட்டத்தில் எதிரே வருகிற மாடு தெரியாத நேரத்தில் வீட்டை விட்டுக் கிளம்பி, பொழுது இறங்கிய பிறகு திரும்பினேன். பகலில் குதிரைக்குப் புல்லும் தண்ணீரும் என் மனைவி கொடுப்பாள். உதைத்துவிடும் என்ற பயத்தில் முன்பக்கமாகவே வந்து, முன்பக்கமாகவே போவாள். ஆக, அந்தக் குதிரைக்கு ஒரு பின்பக்கம் இருப்பதைக் கவனிக்க வேண்டிய ஒரே ஆள் நான். எனக்கிருந்த நேரம் சாயங்காலம் ஆறரைக்கு மேல்.

விளக்குகளின் வரலாறு இது. முதலில் அரிக்கேன் விளக்கு. மண்ணெண்ணெய் இப்போது குதிரைக்கொம்பு. குதிரை வைத்திருப்பவன் இப்படிச் சொன்னபோது கடையில் ஒரு வாரம் ஓட்டினார்கள். கிடைத்த கொஞ்சத்தை ஊற்றி ஏற்றினால், வைக்கோலுக்கும் தீக்கும் நடுவே நான் காவல் நிற்க வேண்டியிருந்தது. அடுத்து சோலார் விளக்கு. மார்கழி வெயிலை அது குடித்து, நான் வந்து சேரும்போது கண் சொருகிவிடும். செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு காலைத் தூக்கினேன். நான் தலை ஆட்டும்போதெல்லாம் வெளிச்சம் கொட்டகை முழுக்கக் குதித்தது. குதிரை மிரண்டு விட்ட உதையில் போன் சேற்றுக்குள் போனது. எலி பிடிக்கிறவர்கள் மாட்டுகிற நெற்றி லைட்டையும் மாட்டிப் பார்த்தேன். ஒற்றைக் கண்ணோடு வருகிற என்னைக் கண்டு அது கயிற்றை அறுக்கப் பார்த்தது. அதைக் குறை சொல்ல முடியாது. லைட் இல்லாமலேயே என் முகத்துக்குச் சிலர் அப்படிச் செய்வதுண்டு.

கடைசியில் வென்றது பேட்டரி. பழைய டிராக்டர் பேட்டரி ஒன்றைத் தேற்றி, கல்யாண அலங்காரத்துக்கு வாங்கியிருந்த எல்ஈடி பட்டையைக் கட்டினேன். தினமும் காலையில் பேட்டரியை மொபெட்டில் கட்டிக் கடைக்கு எடுத்துப்போய் சார்ஜ் ஏற்றி, மாலையில் கொண்டுவருவேன். டீக்கடையில் கேட்பார்கள்.

"என்ன மாப்ள, கேரியர் பெருசா இருக்கு. யாருக்குச் சாப்பாடு?"

"குதிரைக்கு மாமா."

"அது கரண்டு வேற திங்குதா?"

முதலில் பட்டையை இடுப்பு உயரத்தில்தான் கட்டினேன். கார்த்திகை முடிந்தும் போகாத பச்சைப் பூச்சி, வெளிச்சம் கண்டதும் வயல் மொத்தமும் கிளம்பி வந்து தவிட்டுத் தொட்டியில் விழுந்தது. குதிரை முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆகவே பட்டையைக் கழற்றி, உச்சிக் குறுக்கு மூங்கிலில் தூக்கிக் கட்டினேன். கொட்டகை ஜொலித்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் வயலுக்கு நடுவே சின்னத் திருவிழா. துவைக்காத வெள்ளை, துவைத்த வெள்ளையாகத் தெரிந்தது. படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தேன். துபாயில் என்னோடு வேலை பார்த்தவர்கள், "அண்ணே, அரண்மனை மாதிரி இருக்கு" என்றார்கள். நான் மறுக்கவில்லை.

மேலிருந்து விழும் வெளிச்சத்தில் குதிரையின் முதுகு தெரியும், பிடரி தெரியும், முகம் நன்றாகத் தெரியும். வயிற்றின் நிழல் கால்மேல் விழும். விளக்கை எங்கே தொங்கவிட்டால் நிழல் எங்கே விழும் என்று பதினோரு வருஷம் சம்பளம் வாங்கிப் படித்தவன் நான்.

முன்னங்கால் இரண்டையும் ஒழுங்காகத் தூக்கிப் பார்த்தேன். பின்னங்கால்களுக்குப் போகும்போது இருட்டு. அந்த உதைக்குப் பிறகு எனக்கும் கொஞ்சம் யோசனை. கையால் தடவி, சேற்றை ஒரு குச்சியால் வழித்துவிட்டு வந்துவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்பாள்.

"கால் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு."

தமிழில் இது ஒரு சௌகரியமான சொல். பார்த்தேன் என்றால் நான் பார்த்ததாக ஆகும், பொய் என் கழுத்தில் ஏறும். பாத்தாச்சு என்பதில் ஆளே இல்லை. யாரோ, எப்போதோ, எதையோ பார்த்த மாதிரி. சாப்பாடு ஆச்சு, குளிச்சாச்சு, பின்னங்கால் பாத்தாச்சு. மார்கழி முழுக்க அந்தச் சொல்லை வைத்தே ஓட்டினேன்.

ஒருநாள் அவள் சொன்னாள், "கொட்டாய்ல ஒரு நாத்தம் வருதுங்க. சாணி நாத்தம் இல்ல, வேற மாதிரி."

"குதிரைன்னா நாறத்தான் செய்யும். சென்ட்டா அடிக்கும்?"

"அவ வலது பின்னங்கால ஊனவே மாட்டேங்குறா. தூக்கித் தூக்கி நிக்கிறா."

அது என்று சொல்லிக்கொண்டிருந்தவள் எப்போது அவ என்று சொல்ல ஆரம்பித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. அதையும் நான் கவனிக்கவில்லை.

"குதிரை அப்படித்தான் நிக்கும். ஒத்தக் கால மடிச்சிக்கிட்டு. ஸ்டைலு" என்றேன். அப்படி நிற்கும் படம் ஒன்றும் ஸ்டேட்டஸில் வைத்திருந்தேன்.

தை முதல் முகூர்த்தம். மாப்பிள்ளை அழைப்பு. கடையிலிருந்து வரத் தாமதமாகி, அந்த எல்ஈடி வெளிச்சத்திலேயே ஜிகினாத் துணி போர்த்தி, முன்னங்கால்களுக்குச் சலங்கை கட்டினேன். லோடு வண்டியில் ஏற அடம் பிடித்தாள். ஒரு மாசம் சும்மா நின்ற திமிர் என்று நினைத்துப் பின்னால் தள்ளினேன்.

மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். நாதஸ்வரம் கிளம்பியது. தார் ரோட்டில் நாலு எட்டு வைத்தவள் நின்றுவிட்டாள். தட்டினேன். இன்னும் இரண்டு எட்டு. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. மாப்பிள்ளை பிடரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் என் பக்கம் வந்தார். "என்ன தம்பி, டான்ஸ் ஆடுற குதிரைன்னு சொல்லவே இல்லியே. நொண்டியடிக்குது?"

"மேளத்துக்கு மிரளுதுங்க" என்றேன்.

அந்த நேரம் பார்த்து வீடியோக்காரர், கேமராவுக்கு பேட்டரி மாற்றுவதற்காகத் தன் பெரிய லைட்டைத் தரையில் வைத்தார். எரிந்தபடியே வைத்தார். வெளிச்சம் ரோட்டோடு ரோட்டாக ஓடி அவள் பின்னங்காலில் முட்டியது. தூக்கியிருந்த குளம்பின் அடிப்பக்கம் தெரிந்தது. நடுவே சதை இருக்க வேண்டிய இடம் கறுத்து, குழிந்து, அதிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் நின்ற இடத்திலெல்லாம் தாரில் ஈரம். முன்னால் நின்ற ஒரு அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

தாய்மாமன் குனிந்து பார்த்தார். அதன்பிறகு அவர் கேலி செய்யவில்லை. "புள்ளைய எறக்குங்கடா" என்றார். "இதுமேல ஏத்தி உட்டியேய்யா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். மாப்பிள்ளை காரில் போனார். மேளம் காருக்குப் பின்னால் போனது. நான் ஜிகினாத் துணியை மடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றேன்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு கால்நடை டாக்டரம்மா வந்தார். காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அந்தக் காலைப் பகல் வெளிச்சத்தில் நானும் அன்றுதான் பார்க்கிறேன்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"தெரியலைங்க."

"தெனம் கால் பாக்க மாட்டீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள், "பாப்பாருங்க. தெனம் கேட்டேன். தெனம் சொன்னாரு."

டாக்டரம்மா குறுக்கு மூங்கிலில் தொங்கிய பட்டையை நிமிர்ந்து பார்த்தார். "எலும்பு வரைக்கும் எறங்கியிருக்கு" என்றார். "மருந்து கட்டலாம். உயிருக்கு ஒண்ணும் ஆகாது. புல்லு மேயுற அளவுக்கு நடப்பா. இனிமே மேல ஆள் ஏத்த முடியாது. இந்த ஈரத்துல வச்சிருந்தா அதுவும் கெடையாது. செம்மண் மேட்டுக்கு அனுப்பிடுங்க. புதுக்கோட்டை பக்கம் முந்திரிக்கொல்லை வச்சிருக்கிறவர் ஒருத்தரைத் தெரியும். வேலை வாங்க மாட்டாரு. பாத்துக்குவாரு."

பத்து நாள் கடைக்கு அரை நாள் லீவு போட்டு, பகலில் மருந்து கட்டினேன். அவள் உதைக்கவில்லை. உதைக்க ஒரு காலை ஊன்ற வேண்டுமே. முதலாளி, "என்னய்யா, குதிரைக்கும் காயில் கட்டுறியா" என்றார். சிரித்து வைத்தேன். நான் இதுவரை அடித்த ஜோக்குகளைக் கேட்டுச் சிரித்தவர்களும் இப்படித்தான் சிரித்திருப்பார்களோ என்று முதல்முறையாகச் சந்தேகம் வந்தது.

முந்திரிக்கொல்லைக்காரர் ஒரு காலை வேளையில் வண்டியோடு வந்தார். கிழவர் இல்லை, என் வயதுதான். கொட்டகைக்குள் வந்ததும் என்னிடம் பேசாமல், குதிரையின் முகத்தையும் பார்க்காமல், நேரே பின்பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். வலது பின்னங்காலில் கட்டைப் பிரித்து, முகர்ந்து, மறுபடி கட்டினார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இவ்வளவு நாள் யாருங்க பாத்துக்கிட்டது?"

"ஒரு மோட்டார் மெக்கானிக்கு" என்றேன்.

"அந்தாளுக்குக் கண்ணு தெரியாதா?"

"தெரியும்னு சொல்லிக்கிட்டுத் திரியுறான்."

அவர் புரியாமல் என் மனைவியைப் பார்த்தார். அவள் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவிழ்த்து அவர் கையில் கொடுத்தாள். அவர் வண்டிக்கு நடத்திப்போய் முன்னங்கால்களை ஏற்றியதும், அவள் அதுவரை போகாத பின்பக்கம் போய், இரண்டு கையாலும் அந்தக் காலைத் தூக்கி வண்டிப் பலகைமேல் வைத்தாள்.