பழைய பதினெட்டு, புதிய பதினெட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தால் போதும், என் மனைவி ஹம்சா மயிலாப்பூர்த் தெருக்களில் ஒரு கூட்டத்தை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். பள்ளியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவள். எந்த வீட்டில் எந்த வக்கீல் இருந்தார், எந்த மாடியில் எந்த வித்வான் சாதகம் செய்தார் என்று வெயிலில் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டு போவாள். கூட வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கடைசியில் கிடைக்கும் பொங்கலுக்கும் காபிக்கும் வருகிறவர்கள். அதைச் சொன்னால் என் மேல் பாய்வாள்.

அவளுக்கு ஒரே ஒரு பெரிய குறை. ஊரில் யார் யாருக்கோ சிலை இருக்கிறது, சாலை இருக்கிறது. டாக்டர் பங்கஜவல்லிக்கு ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் இரண்டு கட்டிலைப் போட்டுக்கொண்டு, இந்தப் பேட்டையில் பாதிப் பேரை உலகத்துக்குக் கொண்டுவந்த அம்மாள் அவர். ஹம்சா பிறந்ததும் அந்த அறையில்தான். அந்த வீட்டுச் சுவரில் அவர் பெயரில் ஒரு கல்லாவது பதிக்க வேண்டும் என்று ஒரு வரலாற்றுச் சங்கத்தின் பின்னால் வருஷக்கணக்காக அலைந்தாள். ஒருவழியாகச் சம்மதித்து விலாசம் கேட்டார்கள். "பதினெட்டாம் நம்பர்" என்றாள்.

வந்தது வினை. சென்னையில் வீட்டுக்கு இரண்டு நம்பர். பழையது ஒன்று, பிற்பாடு கார்ப்பரேஷன் கொடுத்த புதியது ஒன்று. எங்களைப் போல மூன்று தலைமுறையாக ஒரே தெருவில் கிடப்பவர்கள் வாயில் பழைய நம்பர்தான் வரும். அதைப் பழைய நம்பர் என்று சொல்லவேண்டும் என்றுகூடத் தோன்றாது. நாங்கள் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில் சங்கத்து ஆட்கள் வந்து, புதிய பதினெட்டின் சுவரில் கருங்கல்லை அழகாகப் பதித்துவிட்டுப் போய்விட்டார்கள். அசல் வீடான பழைய பதினெட்டோ தெருக்கோடியில் காரை உதிர்ந்து நின்றுகொண்டிருந்தது.

புதிய பதினெட்டு ஜவஹருடையது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தி.நகரில் பட்டுக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், அதுதான் தொல்லை. கல்லைப் பார்த்ததும் மாலை போட்டார். அடுத்த தெருவிலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண் வந்து குங்குமம் வைத்தாள். அவளுக்குச் சுகப்பிரசவம் ஆனது. பிறகு கேட்க வேண்டுமா? கல்லின் மேல் கண்ணாடி வளையல்கள் தொங்க ஆரம்பித்தன.

"அந்த டாக்டர் இதையெல்லாம் பக்கத்துலயே சேர்க்க மாட்டார்! குங்குமமும் கையுமா வந்து நின்னா, போய்க் கையை அலம்பிண்டு வான்னு விரட்டுவாராம்" என்று ஹம்சா வீட்டுக்குள் கத்துவாள். என்னிடம் கத்தி என்ன பிரயோஜனம்?

ஒருநாள் கோட்டூர்புரம் நூலகத்திலிருந்து ஆட்டோவில் திரும்பினோம். தெருப் பெயரைச் சொன்னதும் ஓட்டுநர், "டாக்டரம்மா கல்லு கீதே, அந்தத் தெருவா? வுடுங்க, தெரியும்" என்று நேராக ஜவஹர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். ஹம்சா முகத்தைப் பார்க்கவேண்டுமே.

அந்தச் சமயத்தில்தான் பழைய பதினெட்டின் சொந்தக்காரர் ஸ்ரீனிவாசராகவன் வீட்டை பில்டரிடம் கொடுத்துவிட்டார் என்று தெரிந்தது. தை பிறந்ததும் இடிப்பு. கல் சரியான சுவரில் இருந்தால் முன்னறையையாவது விட்டுவைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று ஹம்சா துடித்தாள்.

ஸ்ரீனிவாசராகவன் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "கல்லைக் கொண்டுவந்து வெச்சா பில்டர் பயந்து ஓடிடுவான். அப்புறம் இந்த ஒழுகற ஆத்தை நீ பார்த்துப்பியா?" என்றார். சங்கத்துச் செயலாளரோ, இப்போது கல் யார் சுவரில் இருக்கிறதோ அவர் கொடுத்தால் மாற்றித் தருவதாகச் சொல்லி நழுவினார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆளுக்கொரு நியாயம், அவளுக்கு மட்டும் அலைச்சல்.

கடைசியில் ஜவஹரிடம் போனோம். முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டார்.

"தாராளமா எடுத்துக்கிடுங்கம்மா. ஆனா நம்ம மருமக பூஜாவுக்கு இது நெறமாசம். தினமும் அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் காப்பியே குடிக்கா. இப்பம் கல்லைப் பேத்து எடுத்தா அது மனசு ஒடிஞ்சிரும். பிள்ளை பெறக்கட்டும், நானே கொண்டாந்து தாரேன்."

உள்ளே பூஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும் ஹம்சா எழுந்துவிட்டாள். அந்த டாக்டரே இருந்தாலும் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்காகக் கல்லை விட்டுவைத்திருப்பார் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

பிள்ளைக்கு என்ன அவசரம்? பில்டருக்குத்தான் அவசரம். பொங்கல் முடிந்த கையோடு இயந்திரம் வந்தது. முதல் இடியே முன்னறைக்குத்தான். ஹம்சா தெருவில் நின்று, வருகிற போகிறவர்கள் பார்க்க, வாய்விட்டு அழுதாள். எனக்கு வந்த கோபத்துக்கு யாரையாவது நாலு வார்த்தை கேட்டிருப்பேன். யாரைக் கேட்பது?

பத்துப் பதினைந்து நாள் கழித்து எங்கள் அழைப்புமணி அடித்தது. வாசலில் ஜவஹர், கையில் இனிப்புப் பெட்டி. பின்னால் ஒரு கொத்தனார், கல்லை டர்க்கி டவலில் சுற்றித் தோளில் வைத்திருந்தார்.

"பேத்தி பெறந்திருக்கா, சுகப்பிரசவம்! சொன்ன சொல்லு தவறலம்மா. எந்தச் சுவர்ல வைக்கணும், சொல்லுங்க."

கடைக்கும் மருத்துவமனைக்கும் அலைந்ததில் தெருக்கோடியை அவர் எட்டிப் பார்க்கவே இல்லை. ஹம்சா அவரை வாசலுக்கு வெளியே கூட்டிப்போய்க் கையை நீட்டிக் காட்டினாள். நீலத் தகர அடைப்பு, உள்ளே பள்ளம். ஜவஹர் முகம் செத்துப்போய்விட்டது.

"இருந்த எடத்துலயே வெச்சுடுங்கோ" என்றாள் ஹம்சா.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கூட நடந்தேன். ஜவஹர் வீட்டு வாசலில் கூட்டத்தை நிறுத்தி, டாக்டரின் கதையை ஒன்று விடாமல் சொன்னாள். முடிந்ததும் ஒரு பெண் கல்லைத் தொட்டுக்கொண்டே, "இந்த வீட்லதான் இருந்தாங்களா மேடம்?" என்று கேட்டாள். வேலை பார்த்த காலமெல்லாம் பிள்ளைகளுக்கு ஒரு தேதியைக்கூடத் தப்பாகச் சொல்லிக் கொடுக்காத என் மனைவி, ஆமாம் என்று தலையாட்டினாள்.